உடைத்துப் பார்த்த வாரம்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. எல்லோருக்கும் அவள் "நாலாயிரம்". லிஃப்ட்டை ஓட்டும் கணினி நிரலுக்குத் தனி ஒருத்தியாக நாலாயிரத்துப் பதினாறு சோதனைகள் எழுதியிருந்தாள். சோதனை என்பதும் ஒரு குட்டி நிரல்தான். பெரிய நிரலை அது ஓட்டிப் பார்க்கும். சரியாக நடந்துகொண்டால் திரையில் ஒரு பச்சைப் புள்ளி விழும், பிசகினால் சிவப்பு. தினமும் காலையில் நாலாயிரத்துப் பதினாறு பச்சைப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்பதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத்தான் அவள் டீயைத் தொடுவாள்.

முதலாளிக்கு இதில் பெருமை தாங்காது. நிறுவனத்தில் இருந்தது பதினான்கு பேர்தான் என்றாலும், வருகிறவர்களிடமெல்லாம் அந்த எண்ணைச் சொல்லாமல் அனுப்ப மாட்டார். புதிதாக எட்டு மாடி கட்டியிருந்த ஒரு ஆஸ்பத்திரி ஆறு லிஃப்ட் கேட்டு வந்தபோதும் சொன்னார். அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "நோயாளிகள் படுக்கையோட போற லிஃப்ட். உங்க சோதனைகள் எவ்வளவு நல்லா எழுதப்பட்டிருக்குன்னு வெளியாள் ஒருத்தர் வந்து பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறோம்" என்றார்கள்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்த வெளியாள் தோளில் பையோடு உள்ளே வந்தபோது நாலாயிரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தது அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் ஏதோ சரிபார்க்கும் வேலையில் இருக்கிறாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யார் சமைத்தாலும் முதல் வாயிலேயே உப்புக் குறைவு என்று சொல்லிவிடுகிறவளுக்குப் பொருத்தமான வேலைதான் என்று கணவன்கூடக் கிண்டல் செய்வான். ஆனால் பத்து நாளுக்கு முன் மாமியார் வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள், இங்கே வரப்போவதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இவங்க என் அண்ணி," என்று நாற்காலியில் உட்காரும் முன்பே நாத்தனார் முதலாளியிடம் சொன்னாள். "கூடப் பிறந்த அண்ணனோட மனைவி. ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். பரவாயில்லைன்னாங்க. என் அறிக்கையை இன்னொருத்தரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவாங்க."

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அப்போ நம்ம வீட்டுப் பிள்ளைன்னு சொல்லுங்க!"

"அப்படி நினைச்சீங்கன்னா ஏமாந்துடுவீங்க சார்."

நாலாயிரத்துக்கு ஒரே குழப்பம். இவளை இங்கே என்னவென்று கூப்பிடுவது? மேடம் என்றால் சிரிப்பு வரும். வீட்டில் போல "ஏய்" என்றால் வேலை போய்விடும். எதுவும் கூப்பிடாமல் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு திரையைத் திருப்பிக் காட்டினாள்.

நாத்தனார் எண்ணிக்கையைப் பார்க்கவே இல்லை. சோதனைகளின் பெயர்களைப் படித்தாள். "சோதனை 1187. சோதனை 1188. சோதனை 1188 புதுசு. சோதனை 1188 புதுசு 2." விரல் அங்கே நின்றது. "இது எதைப் பார்க்குது அண்ணி?"

"அது... பட்டன். இல்ல இரு, கதவு."

"எந்தக் கதவு? என்ன ஆகக் கூடாதுன்னு பார்க்குது?"

நாலாயிரம் அந்தச் சோதனையைத் திறந்தாள். தொண்ணூறு வரி. தானே எழுதியதுதான், எட்டு மாதத்துக்கு முன்பு. படித்தாள். மறுபடி படித்தாள். ஏழு நிமிடம் கழித்தும் அவளால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியவில்லை.

"சரி, விடுங்க," என்றாள் நாத்தனார். குரலில் குத்தல் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "நான் உங்க சோதனையைத் தொடப்போறதில்ல. நிரலை உடைக்கப்போறேன்."

அடுத்த மேசையில் இருந்த நெட்டை தலையை நிமிர்த்தினான். லிஃப்ட்டின் நிரலை எழுதியவன் அவன்தான். ஆறடி மூன்று அங்குலம். "உடைக்கப்போறீங்களா? எதை?"

"ஒரே ஒரு வரி. இதோ, கதவு மூடலைன்னா மோட்டாரைத் தொடாதேன்னு எழுதியிருக்கீங்களே, அதை எடுத்துடறேன். இப்போ இது கதவு திறந்திருந்தாலும் கிளம்பிடற லிஃப்ட். உங்க நாலாயிரமும் ஓடட்டும். எத்தனை கத்துதுன்னு பார்ப்போம்."

"குறைஞ்சது இருநூறு கத்தும்," என்றாள் நாலாயிரம். அவளுக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் இல்லை.

எல்லாம் ஓடி முடிய இருபத்தாறு நிமிடம் ஆகும். ஆளுக்கொரு டீயோடு திரையைச் சுற்றி நின்றார்கள். பச்சை, பச்சை, பச்சை. ஆயிரம் தாண்டியது. கதவுச் சோதனைகள் இனிமேல்தான் என்றாள். இரண்டாயிரம் தாண்டியது. மூன்றாயிரத்தில் அவள் டீயைக் கீழே வைத்தாள். கடைசிப் புள்ளி விழுந்தது. நாலாயிரத்துப் பதினாறும் பச்சை.

"பாத்தீங்களா! எல்லாமே பாஸ்!" என்று முதலாளி கை தட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. இரண்டு தட்டோடு அவருக்கும் கை தணிந்தது.

பின்பக்கத்துப் பட்டறையில் மூன்று மாடி உயரத்துக்கு இரும்புச் சட்டம் எழுப்பி ஒரு மாதிரி லிஃப்ட் வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக் கிரீஸ் என்று பெயர். நாலாயிரத்தின் வயதுதான். எப்போதும் முழங்கைவரை கருப்பு, எப்போதும் சிரிப்பு. உடைத்த நிரலை அதில் ஏற்றச் சொன்னதும் அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது.

"ஆளு யாரும் ஏற வேண்டாம்," என்று ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டாள். "எல்லாரும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்."

இரண்டாம் மாடிப் பட்டனை நெட்டை அழுத்தினான். பெட்டியின் கதவு ஆவென்று திறந்திருந்தது. மோட்டார் உறுமியது. கதவு திறந்தபடியே பெட்டி மேலே ஏறியது. உள்ளே மணல் மூட்டை எல்லோருக்கும் தெரிய உட்கார்ந்திருந்தது. வாசலின் அடிவிளிம்பு முட்டி உயரம் வந்தது, இடுப்பு உயரம் வந்தது, தலைக்கு மேலே போயிற்று. அதற்குக் கீழே, ஒரு படுக்கையைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் நேராகக் கால் வைக்கக்கூடிய இருட்டுக் குழி.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

நாலாயிரம் மேசைக்கு ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள். கதவுச் சோதனைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பத்தாவது நிமிடத்தில் அகப்பட்டது. நிஜக் கதவை வைத்துச் சோதிக்க முடியாது என்பதால், முதல் வாரத்திலேயே அவள் ஒரு பொய்க் கதவை எழுதியிருந்தாள். மூடியிருக்கிறாயா என்று எப்போது கேட்டாலும் "மூடியிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும் கதவு. ஒரு சோதனையை எழுதி, அதை நகல் எடுத்து, எண்ணை மாற்றி, மறுபடி நகல் எடுத்து இரண்டு வருடம் ஓடியிருக்கிறது. திறந்த கதவு என்ற ஒன்றை அவளுடைய நாலாயிரத்தில் ஒன்றுகூடப் பார்த்ததே இல்லை.

"அதான் எனக்கு அப்பவே..." என்று நெட்டை ஆரம்பித்து நிறுத்தினான்.

"என்ன அப்பவே? சொல்லு," என்றாள் அவள்.

"கோவிச்சுக்காதே. போன வருஷம் ஒரு பட்டனோட பேரை மாத்தினேன். பேரை மட்டும்தான். உன் டெஸ்ட் எழுநூறு சிவப்பாயிடுச்சு. நீ ரெண்டு வாரம் உட்கார்ந்து சரி பண்ணினே. அதிலேர்ந்து நான் எதையும் தொடறதே இல்ல. நிரல்ல திருத்த வேண்டியது எவ்வளவோ இருக்கு. பயம். பேரை மாத்தினா எழுநூறு கத்துது, கதவைப் பேத்தா ஒண்ணுகூடக் கத்தல."

நாத்தனார் நோட்டுப் புத்தகத்தை மூடினாள். "இதைவிட நல்லா என்னால எழுத முடியாது. அறிக்கையில இவர் சொன்னதை அப்படியே போட்டுக்கறேன்." பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. இங்கே நான் பார்க்க வேற ஒண்ணும் இல்ல. வெள்ளி மதியம் வரேன். முப்பது உடைப்பு எழுதிட்டு வரேன். எத்தனையைப் பிடிக்கறீங்கன்னு பார்த்துட்டு முடிவு எழுதறேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கணவன் கதவைத் திறந்தான். அவன் முகத்தைப் பார்த்தாலே தங்கையிடமிருந்து செய்தி வந்துவிட்டது என்று தெரிந்தது.

"நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது," என்றாள்.

"நான் எங்கே பேசினேன்? செருப்பைக் கழட்டிட்டு வான்னுதானே..."

"அதையும் சொல்லக் கூடாது."

அழுதுவிடுவோம் என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தவளுக்கு ஒரு விசித்திரமான கேள்வி வந்தது. நான் நாத்தனார் இடத்தில் இருந்தால் அடுத்து எதை உடைத்திருப்பேன்? மளிகைச் சீட்டின் பின்பக்கத்தை எடுத்தாள். எடை வரம்பை எடுத்துவிடலாம். மேலே போகச் சொன்னால் கீழே போக வைக்கலாம். தீ எச்சரிக்கை மணியைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விடலாம். இரண்டு வருடம் அந்த நிரலோடு குடித்தனம் நடத்தியவள், முதல் தடவையாகத் திருடன் வீட்டை நோட்டம் விடுவது போல அதைப் பார்த்தாள். எந்த ஜன்னலில் கம்பி இல்லை? எந்தத் தாழ்ப்பாள் ஆடுகிறது? சீட்டு நிரம்பியது. தட்டில் சாப்பாடு ஆறியது. கணவன் பேசாமல் இன்னொரு தாளைக் கொண்டுவந்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கே அவள் பட்டறையில் நின்றாள்.

"கிரீஸு, ஒண்ணே ஒண்ணு கேட்கறேன். இந்த லிஃப்ட் என்ன செஞ்சிடுமோன்னு உனக்குப் பயம்?"

கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "எல்லாத்துக்கும்தான் பயம். உட்காரு, சொல்றேன். கதவு முழுசா மூடாம நகரக் கூடாது. ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா கதவு திறக்கக் கூடாது. ஆளு அதிகமானா மணி அடிக்கணும், நகரக் கூடாது. தீ மணி அடிச்சா நடுவுல எங்கேயும் நிக்காம நேரா தரைக்கு வரணும். கரண்ட் போய் வந்தா..."

"மெதுவா, மெதுவா!" நாலாயிரம் எழுதிக்கொண்டே இருந்தாள். ஐம்பத்தெட்டு பயம் வந்தது. ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம். ஒவ்வொரு வாக்கியத்தையும் அப்படியே ஒரு சோதனைக்குப் பெயராக வைத்தாள். "கதவு முழுசாக மூடாமல் பெட்டி நகரக் கூடாது." அதன் கீழே ஆறே வரி. கதவைத் திறந்து வை, பட்டனை அழுத்து, மோட்டார் அசையவில்லை என்று பார். பழைய பொய்க் கதவைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொன்னபடி திறக்கும், பாதியில் சிக்கும், முரண்டு பிடிக்கும் ஒரு கதவை எழுதினாள். எல்லாச் சோதனைக்கும் அந்த ஒரே கதவு. நாளைக்கு நெட்டை கதவில் எதை மாற்றினாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றே ஒன்று.

ஒரு சோதனை எழுதி முடித்ததும் அவள் முதலில் செய்தது நிரலை உடைப்பது. சிவப்பு விழுந்தால்தான் அந்தச் சோதனை வீட்டுக்குள் வரலாம். முதல் சிவப்பு விழுந்தபோது அவள் போட்ட கூச்சலில் கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன ஆச்சு?"

"கத்திடுச்சு! கதவைப் பேத்தேன், கத்திடுச்சு!"

நெட்டைக்கும் இருப்புக் கொள்ளவில்லை. "நான் உடைக்கறேன், நீ பிடி," என்று நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். அவளுக்குத் தெரியாமல் நிரலில் ஏதாவது ஒரு மூலையைக் கெடுப்பான், அவள் சோதனைகளை ஓட்டுவாள். பிடித்தால் அவன் மேசையைத் தட்டுவான். தப்பினால், எப்படித் தப்பியது என்று இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு தேடி, அதற்கும் ஒரு சோதனை எழுதுவார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

புதன்கிழமை அவள் பழைய நாலாயிரத்துப் பதினாறையும் அழித்தாள். விசைப்பலகையில் ஒரே தட்டு. முதலாளி கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"எத்தனைம்மா இருக்கு இப்போ?"

"தொண்ணூத்தி ரெண்டு சார்."

"தொண்ணூத்தி ரெண்டாயிரமா?"

"வெறும் தொண்ணூத்தி ரெண்டு."

அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "எல்லார்கிட்டயும் நாலாயிரம்னு சொல்லிட்டேனேம்மா. விளம்பரத்துலயும் அச்சடிச்சாச்சே."

"இருபத்தாறு நிமிஷம் ஓடினது இப்போ முப்பது செகண்ட் சார். ஒண்ணைத் திறந்து படிங்க. உங்களுக்கே புரியும்."

அவர் சந்தேகத்தோடு குனிந்தார். "இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் கதவு திறக்கக் கூடாது," என்று சத்தமாகப் படித்தார். கீழே இருந்த ஆறு வரியையும் விரல் வைத்துப் படித்தார். நிறுவனம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர் ஒரு சோதனையைப் படித்தது அதுதான் முதல் தடவை. "புரியுதே," என்றார் ஆச்சரியமாக.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அது நடந்தது. கிரீஸின் பட்டியலில் அதுவரை எழுதாமல் விட்டிருந்த ஐம்பத்தோராவது பயம்: கதவு மூடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் வந்தால், இடையில் ஏதாவது சிக்கியிருந்தால், பெட்டி நகரக் கூடாது. நாலாயிரம் எழுதினாள், ஓட்டினாள். சிவப்பு.

"நெட்டை, நீ எதை உடைச்சே?"

"நான் ஒண்ணும் உடைக்கலையே. காலையிலேர்ந்து தொடவே இல்ல."

அந்த அலுவலகத்தில் சிவப்பு விழுந்தால் மறுபடி ஓட்டுவதுதான் வழக்கம். பழைய சோதனைகளில் சில, தோன்றினால் சிவப்பாகும், தோன்றாவிட்டால் பச்சையாகும். எனவே மறுபடி ஓட்டினாள். சிவப்பு. இன்னொரு தடவை. சிவப்பு. பத்துத் தடவை ஓட்டினாள். பத்தும் சிவப்பு.

முதலாளி வந்து பார்த்தார். "நாளைக்கு மதியம் வராங்களே! இது ஒண்ணை மட்டும் அதுவரைக்கும் எடுத்து ஓரமா வைம்மா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"முடியாது சார்."

அவரிடம் அப்படி ஒரு வார்த்தையை அவள் சொன்னதே இல்லை. சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. "டெஸ்ட் தப்பா, நிரல் தப்பான்னு தெரியணும் சார். பட்டறைக்கு வாங்க. பொய்யா இருந்தா நானே அழிச்சிடறேன்."

கிரீஸ், மாதிரி லிஃப்ட்டின் மேல்மாடிப் பட்டனை அழுத்திவிட்டு, கதவிடுக்கில் ஒரு துடைப்பக் கட்டையைக் குறுக்கே செருகினாள். பாதி உள்ளே, பாதி வெளியே. கதவு நாலு விரல் இடைவெளியில் சிக்கி நின்றது. சென்சார் சிவப்பாக மின்னியது. பெட்டி அசையவில்லை. சரியாகத்தான் இருந்தது. பிறகு அவள் மெயின் சுவிட்சை இறக்கினாள். பட்டறை இருண்டது. மூன்று எண்ணினாள். ஏற்றினாள்.

விளக்குகள் வந்தன. ஒரு நொடி, இரண்டு, மூன்று, நான்கு. மோட்டார் உறுமியது. பெட்டி மேலே கிளம்பியது, துடைப்பக் கட்டை மேல்விளிம்பில் மாட்டி, வில்லாக வளைந்து, பட்டென்று முறிந்தது. முறிந்த துண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து முதலாளியின் காலடியில் விழுந்தது.

"கட்டையா போச்சு," என்றாள் கிரீஸ் மெல்ல. "கையா இருந்தா?"

நெட்டை ஏற்கெனவே மடிக்கணினியைத் தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டான். கண்டுபிடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கரண்ட் போகும்போது, "கதவு மூடிக்கொண்டிருந்தது" என்று நிரல் குறித்து வைத்துக்கொள்ளும். வந்ததும் அந்தக் குறிப்பைப் படித்து, நான்கு நொடி காத்திருந்து, இந்நேரம் மூடியிருக்கும் என்று தானாகவே முடிவு செய்துகொள்ளும். சென்சாரை மறுபடி கேட்பதே இல்லை.

"இது நம்ம போட்ட லிஃப்ட்லயும் இருக்கா?" என்று முதலாளி கேட்டார்.

"இருக்கு சார். நூலகத்துல ரெண்டு, ஒரு அலுவலகக் கட்டடத்துல ஒண்ணு. அங்கேயெல்லாம் கதவுப் பூட்டுல இரும்புக் கொக்கி தனியா இருக்கு, அது மோட்டாரைத் தடுத்துடும். இங்கே சோதிக்கறதுக்காகக் கழட்டி வெச்சிருக்கோம்," என்றான் நெட்டை.

"கொக்கி தேஞ்சு போனா?" என்றாள் கிரீஸ்.

முதலாளி முறிந்த கட்டையைக் குனிந்து எடுத்தார். கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே போனை எடுத்தார். "நூலகமா? லிஃப்ட்டை உடனே நிறுத்துங்க. ஆமா, ரெண்டையும். இல்லைங்க, ரிப்பேர் இல்ல, எங்க பக்கம் தப்பு. நாங்களே வந்து சரி பண்றோம்." அடுத்து இன்னொரு எண். அதே வார்த்தைகள்.

நெட்டை திருத்திய நிரல் ஐந்து மணிக்குள் தயாரானது. போன வருடத்திலிருந்து அவன் தொடப் பயந்த பகுதி அது. இப்போது ஒவ்வொரு வரியை மாற்றும்போதும் முப்பது நொடியில் சோதனைகள் பதில் சொல்லின. ஒரு இடத்தில் அவசரப்பட்டு எடை வரம்பைக் கெடுத்தான். "ஆள் அதிகமானால் பெட்டி நகரக் கூடாது" என்று சிவப்பு விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு சரி செய்தான். ஐம்பத்தோராவது பச்சையானது. கிரீஸ் அதை எடுத்துக்கொண்டு வண்டியில் பறந்தாள். ஆறரைக்கு நூலகத்திலிருந்து போன் வந்தது. லிஃப்ட் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனார் வந்தபோது, சோதனைகள் நூற்று நாற்பத்து மூன்று. ஓட நாற்பது நொடி. அவள் உடைப்புகளை எழுதிய நோட்டை யாருக்கும் காட்டாமல் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினான்கு பேரும் அவள் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். கணக்குப் பிரிவுகூட வந்துவிட்டது.

முதல் உடைப்பு. நாற்பது நொடி. சிவப்பு. "தீ மணி அடித்தால் நடுவில் நிற்காமல் தரைக்கு வர வேண்டும்" என்று திரை சொன்னது. நாத்தனார் நோட்டைப் பார்த்தாள். "நான் உடைச்சதும் அதைத்தான்," என்றாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, சிவப்பு. எட்டு வரைக்கும் ஒன்றும் தப்பவில்லை. முதலாளி பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஒன்பதாவதில் நூற்று நாற்பத்து மூன்றும் பச்சை.

"எடை வரம்பு," என்றாள் நாத்தனார். "வரம்பைத் தாண்டினா நிக்குது. சரியா வரம்பிலேயே நின்னா? 'தாண்டினா'ங்கற குறியை 'தொட்டாலே'ன்னு மாத்தினேன்."

"ஐயோ, ஆமா!" நாலாயிரம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெட்கப்படக்கூட அவளுக்கு நேரமில்லை. "அடுத்தது போடு, போடு!" அலுவலகத்தில் நாத்தனாரை என்னவென்று கூப்பிடுவது என்ற கவலையெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

இருபத்து மூன்றாவதும் தப்பியது. தீ மணி ஒருமுறை அடித்து ஓய்ந்து, சில நிமிடத்தில் மறுபடி அடித்தால், லிஃப்ட் அதைப் பழைய மணி என்று நினைத்துக்கொள்ளும்படி நாத்தனார் செய்திருந்தாள். மற்ற எல்லாமே அகப்பட்டன. முப்பதில் இருபத்தெட்டு.

கைதட்டல் ஓய்ந்ததும் நாத்தனார் எழுந்து நின்றாள். "நல்ல சோதனைகள். படிச்சா புரியுது, பொய் சொல்லல, நிரலை மாத்தறவங்களுக்குத் துணையா இருக்கு. ஆனா ரெண்டு தப்பியிருக்கு, ஒண்ணு தீ சம்பந்தப்பட்டது. இன்னிக்குத் தேர்ச்சி எழுத மாட்டேன். மூணு வாரம். நேத்து நீங்க கண்டுபிடிச்ச கோளாறையும், நீங்களே போன் பண்ணி லிஃப்ட்டை நிறுத்தினதையும் எழுதுவேன்."

முதலாளி சரி என்று தலையை ஆட்டினார்.

வாசலில் நாத்தனார் செருப்பை மாட்டிக்கொண்டே அண்ணியின் கையைப் பிடித்தாள். "கோவமா அண்ணி?"

"திங்கட்கிழமை உன்னைக் கடிச்சுக் குதறியிருப்பேன். இப்போ கையை விடு. எடை வரம்பை எழுதணும்."

ஒப்பந்தம் மூன்று வாரம் கழித்து வந்தது. இரண்டாவது கையெழுத்துக்காரர் தன் பங்குக்கு இருபது உடைப்போடு வந்து, எல்லாம் பிடிபட்டு, கை குலுக்கிவிட்டுப் போனார். முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கித் தந்தார். ஆனால் அந்த நாட்களைப் பற்றி யாராவது கேட்டால், நாலாயிரம் அந்த நாளைச் சொல்ல மாட்டாள். அவள் சொல்வது அதற்கு முன்பு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான்.

எடை வரம்பை அவள் அந்த வெள்ளிக்கிழமையே பிடித்துவிட்டாள். தீ மணி மட்டும் அகப்படவே இல்லை. நிஜமாகச் சில நிமிடம் காத்திருக்கும் சோதனை எழுதினால் எல்லாம் மந்தமாகிவிடும். நிரலின் கடிகாரத்தைத் தனியாகப் பிரித்து, சோதனை தன் இஷ்டத்துக்கு முள்ளைத் தள்ளும்படி செய்ய வேண்டும். அவளும் நெட்டையும் அதை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டார்கள். வெள்ளி கழிந்து ஒன்பதாவது நாள், அந்த ஞாயிறு, விடுமுறை, பகல் ஒன்றரை மணி. வரவேற்பறைத் தரையில் சம்மணம் போட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தவள், நாத்தனார் செய்த அதே உடைப்பைச் செய்து சோதனையை ஓட்டினாள். திரையில் ஒரே ஒரு புள்ளி மாறியது.

அவள் போனைப் பிடுங்கி மாமியார் வீட்டுக்குப் போட்டாள். நாத்தனார் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பாள் என்று தெரியும். எடுத்தது மாமியார்.

"சிவப்பு!" என்று கத்தினாள் நாலாயிரம். "சிவப்பு வந்துடுச்சு!"

"ஐயய்யோ, யாருக்கு? என்னம்மா ஆச்சு? எங்கே அடிபட்டுது?" மாமியார் குரல் நடுங்கியது. பின்னால் தட்டு உருண்டது, நாற்காலி நகர்ந்தது, சாப்பிட்ட கையோடு நாத்தனார் போனைப் பிடுங்குவது கேட்டது.

"தீ மணியா அண்ணி?"

"தீ மணிதான்! ரெண்டாவது மணி! அரை செகண்ட்ல பிடிச்சிடுது!"

"எப்படிப் பண்ணினீங்க? கடிகாரத்தையா பிரிச்சீங்க? இருங்க, இருங்க, நான் அங்கே வரேன்!"

"சாப்பிட்டு வாடி!"

"அம்மா, நான் அண்ணி வீட்டுக்குப் போறேன்," என்று நாத்தனார் கத்துவது போனில் கேட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் ஏன் இப்படி இரண்டு பேரும் அலறுகிறீர்கள் என்று மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாள். இரு பக்கத்திலும் அவளுக்குப் பதில் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.